துரை பங்களாவும் வார்டன் வீடும்

என் பின்னால் தெரியும் இந்தப் பச்சைச் சரிவு கேமரன் மலையின் போ தேயிலைத் தோட்டம். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கியது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: துரை பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில், நடுவே கிராணியும் கங்காணியும்.

அதே வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில், நம் தாத்தாமார் கப்பலேறிய சென்னைப் பக்கம், வேறு சில வெள்ளைக்காரர்கள் மாணவர்களோடு ஒரே வளாகத்தில் குடியிருந்தார்கள். இன்றைக்கு அந்தக் கதை.

1862இல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த வில்லியம் மில்லருக்கு வயது 24. 1837இல் பள்ளிக்கூடமாகப் பிறந்ததைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்த்தவர் அவர்தான். ஊர்விட்டு வந்த பையன்களுக்கு விடுதிகள் எழுப்பினார். சொந்தப் பணத்தையும் போட்டார். படித்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். 'எத்தனை பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள்?' என்று மிஷன்காரர்களே குடைந்தார்கள். மனுஷர் அசரவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1901இல், பழைய மாணவர்கள் சிலை வைத்தார்கள்.

அங்கே தத்துவம் நடத்தியவர் ஏ.ஜி. ஹாக். இந்து சமயத்தைக் கிறிஸ்தவர்கள் குறை சொன்னது பொறுக்காமல், வேதாந்தத்தின் அறநெறிக்காக வாதாடி ஆய்வேடு எழுதினார் ஒரு மாணவர். ஹாக் அதைப் பாராட்டி நற்சான்று கொடுத்தார். அந்த மாணவர்தான் பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன். இங்கே நாம் மே 16இல் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம்; இந்தியாவில் அவர் பிறந்த செப்டம்பர் 5. என்னைக் கேட்டால், மாணவன் எதிர்த்து எழுதியதற்கு வாத்தியார் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம் சிலையைவிடப் பெரிது.

1937இல் கல்லூரி தாம்பரத்துக்குப் போனது. சேலையூர், புனித தோமையார், பிஷப் ஹீபர் என மூன்று விடுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேராசிரியர் வார்டன், கூடவே குடியிருப்பு.

அடுத்த வருஷமே, 1938இல், மலாயாவுக்கு உதவிப்பணத்தில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. அதற்குள் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு வாய்த்தது தோட்டப் பள்ளிக்கூடம்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுச் சட்டம். பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். வாத்தியாரோடு நெருக்கத்துக்குக் குறைவில்லை, மேலே படிக்கத்தான் வழியில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படியொரு வாத்தியாரின் பழைய படம் கிடந்தால், பின்பக்கம் பேரும் தோட்டமும் வருஷமும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.