படிக்கப் போன பிள்ளையின் கையில் பேஸ்புக்

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

பிள்ளை மடுவத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய்மார் இருக்கிறீர்கள், மழையும் கட்டுது. அதனால் நேராக விஷயத்துக்கு வாறேன்.

இந்த பேஸ்புக் எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு பல்கலைக்கழகத்தில்தான். 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர்கள், தங்களுக்குள்ளே ஒருத்தரை ஒருத்தர் அறிந்துகொள்ள ஆரம்பித்தது. 2006இல்தான் வெளியாட்களுக்கும் திறந்துவிட்டார்கள். அதுவும் 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். நம்ம லயத்தில் பத்து வயசுப் பையனுக்கெல்லாம் கணக்கு இருக்கு, பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டு! அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆகவே, பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை பேஸ்புக் பார்க்குது என்றவுடன் பிள்ளை கெட்டுப்போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். இப்போது வகுப்பிலேயே அதை வேலையாகக் கொடுக்கிறார்கள்.

நம்ம தோட்டத்துத் தகப்பன் ஒருவர் என் ஆபீசுக்கு வந்தார். மகள் இரண்டாம் வருஷம் படிக்கிறது. “ஐயா, புள்ள ராத்திரி பகலா போனும் கையுமா இருக்கு. ஆம்பளப் புள்ளைங்கெல்லாம் அது போட்டதுக்குக் கீழ எழுதுதுங்க. லயத்துல நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க. திரும்ப அனுப்புறதா வேணாமான்னு யோசிக்கிறேன்” என்றார். மனுஷனுக்குக் கண் கலங்கிப் போச்சு. கடன் பட்டு அனுப்பின பிள்ளை.

மறுநாள் இருவரையும் வரச் சொன்னேன். பிள்ளை தானே போனை எடுத்துக் காட்டிச்சு. உயர்தரம் படிக்கும் வரைக்கும் வீட்டில் பட்டன் போன்தான், பேஸ்புக் கணக்கே இல்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்புக்குத் தனிக் குழு வைத்திருக்கிறார்கள். கிழமைக்கு ஒரு தடவை ஏதாவது எழுத வேண்டும், மற்றவர் எழுதினதுக்குப் பதில் போட வேண்டும், அதற்குப் புள்ளி உண்டு. முதல் மூன்று கிழமை இந்தப் பிள்ளை ஒரு வரி எழுதவில்லை. கொழும்புப் பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பிள்ளை எல்லாம் வாசிக்குமே, நம்ம தமிழைப் பார்த்துச் சிரிக்குமோ என்ற பயம்.

நாலாவது கிழமை கவ்வாத்தைப் பற்றி எழுதியிருக்கு. மேல்நாட்டில் நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா தேயிலையை வெட்டி விடுவதும், துளிர் வந்து மறுபடி கொழுந்து எடுக்க மாசக்கணக்கில் காத்திருப்பதும் நமக்குச் சாதாரண விஷயம். ஆனால் பிறந்ததிலிருந்து தேத்தண்ணி குடிக்கிற அந்தப் பிள்ளைகளுக்குச் செடியை வெட்டுவார்கள் என்றே தெரியாது. “கத்தியை எப்படிப் பிடிப்பாங்க? செடி செத்துப் போகாதா? மழை நாளில் வெட்டலாமா?” என்று வரிசையாகக் கேள்வி. அந்த ஆம்பளப் பிள்ளைகள் எழுதினது இதைத்தான்!

பதில் யார் சொன்னது? இந்தத் தகப்பன்தான். கவ்வாத்துக்காரர். மகள் போன் எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கு, இவரும் எதற்கென்று தெரியாமலே சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். “இது நான் சொன்னதுல்ல?” என்றார். பிள்ளை இப்போது அடுத்த தவணைக்குப் போய்விட்டது.

அந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருத்தரைப் படம் எடுத்துப் போடுவதென்றால் முதலில் அவரிடம் கேட்க வேண்டுமாம். நம்ம வாலிபர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். பீலிக்கரையில் பொம்பளைகள் குளிக்கிற நேரம் போனோடு அந்தப் பக்கம் தலை காட்டவே கூடாது. விளையாட்டுக்கு எடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையே போய்விடும்.

இரண்டாவது, வந்ததையெல்லாம் அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது. 2018 மார்ச்சில் கண்டி திகனப் பக்கம் கலவரம் நடந்தபோதும், 2019 ஏப்ரலில் குண்டு வெடித்த பிறகும், அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் கொஞ்ச நாள் நிறுத்தியே வைத்தது. பொய்ச் செய்தியும் வெறுப்புப் பேச்சும் அவ்வளவு வேகமாக ஓடிச்சு. யார் சொன்னது, எந்த நாள் சொன்னது என்று தெரியாத செய்தியை உங்கள் போனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்காகப் போனையே ஒதுக்கச் சொல்லவில்லை. அதே 2018 ஒக்டோபரில் நம்ம மலையகத்துப் பிள்ளைகள் ஆயிரம் ரூபா சம்பளம் கேட்டுக் கொழும்புக் காலிமுகத்திடலில் கூடினார்களே, ஒருவரை ஒருவர் கூப்பிட்டது பெரும்பாலும் பேஸ்புக்கில்தான். ஆயிரம் ரூபா 2021இல்தான் வந்தது, பேஸ்புக்கால் மட்டும் வந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டத்துக் குரல் கொழும்பில் கேட்டது.

2020இல் பள்ளிக்கூடம் மூடியபோது, சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறின பிள்ளைகளையும் நாம் பார்த்தோம். அட்டைக்கடியோடு வட்ஸ்அப்பில் பாடம் எடுத்துப் படித்த பிள்ளைகள். படிக்கிற பிள்ளைக்கு ரீலோட் காசு கொடுக்க முணுமுணுக்கிற தகப்பன்மார் தவறணைக் கணக்கையும் ஒருக்கா பார்க்கட்டும்.

13 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கணக்கை இன்றைக்கே மூடிவிடுங்கள். போனை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது படங்களை எடுத்துவிட்டுக் கொடுங்கள். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், வந்த செய்தியை அழிக்கவும் வேண்டாம், அதுதான் சாட்சி. பிள்ளைகள் விஷயமென்றால் 1929, பெண்கள் விஷயமென்றால் 1938க்குப் பேசலாம். தனியாகப் பேசப் பயமாக இருந்தால் என் ஆபீசுக்கு வாருங்கள், பக்கத்தில் இருந்து நானே எடுத்துத் தருகிறேன்.