நடுவே தோன்றிய பட்டை

மூலக்கூற்றினுள் இருவகை இயக்கங்கள் உண்டு. கனமான அணுக்கருக்கள் மெல்ல அதிர்கின்றன. இலேசான எலெக்ட்ரான்கள் அதிவிரைவாக இயங்குகின்றன. ஆதலால் இவ்விரண்டையும் தனித்தனியே கணக்கிடலாம் என்று 1927-இல் பார்னும் ஓப்பன்ஹைமரும் வகுத்தனர். இவ்விதி எங்கும் செல்லுமா?

இதனைச் சோதிக்க நமக்கு ஒரு வழி உண்டு. ஹீலியம் விளக்கின் 21.22 எலெக்ட்ரான் வோல்ட் ஒளியை வாயுவின்மீது பாய்ச்சுகிறோம். எலெக்ட்ரான் வெளியேறுகிறது. ஒளியின் ஆற்றலிலிருந்து அது கொண்டுசென்ற ஆற்றலைக் கழித்தால், எஞ்சுவது அதனை விடுவிக்கவும் மூலக்கூற்றை அதிரச் செய்யவும் செலவான ஆற்றலாகும். நிறமாலையின் ஒவ்வொரு பட்டையும் ஓர் எலெக்ட்ரான் நிலையைக் காட்டும்; பட்டைக்குள் அமைந்த படிகள் அதிர்வைக் காட்டும்.

1974-இல் வெளியான ப்யூட்டாட்ரையீனின் நிறமாலையிலோ, எதிர்பார்த்த இரு பட்டைகளுக்கு நடுவே மூன்றாவதொன்று தென்பட்டது. அதற்குரிய எலெக்ட்ரான் நிலை எதுவும் இல்லை! 1977-இல் செடர்பாமும் உடனாய்வாளரும் விடை கண்டனர்: மூலக்கூறு முறுக்கிக்கொள்ளும் அதிர்வு, இரு எலெக்ட்ரான் நிலைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அங்கே தனித்தனிக் கணக்குச் செல்லாது.

கணக்குக்கு அடங்காத அப்பட்டையைப் பிழையென ஒதுக்கியிருந்தால், இவ்வுண்மை நமக்கு எட்டியிராது.