வானிற் சென்ற ஒளி



கார்த்திகைத் தீபப் பெருவிழாவில் இன்று நாம் பேசப் புகுவது, மலையுச்சிக் கொப்பரையில் ஏற்றும் தீபத்தைப் பற்றியன்று. எவரும் ஏற்றாமல் ஓர் இரவு இவ்வூர் வானிற் சென்ற ஒளியைப் பற்றியதாகும்.

1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை, இரவு 8 மணி 47 நிமிடம். ரமணாசிரமத்துச் சிற்றறையில் ரமண மகரிஷிகள் திருமேனி துறந்தருளினார்கள். வெளியே அன்பர்கள் அக்ஷரமணமாலை பாடிக்கொண்டிருந்தனர். அவ்வேளை தெற்கிலிருந்து ஒரு பேரொளி, வால் நீள, மெல்ல வானைக் கடந்து மலைக்கப்பால் மறைந்தது. சென்னையிலும் கண்டனர். பிரான்சு தேசத்துப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் அன்று இவ்வூரில் இருந்தார். ஒளியைக் கண்டவுடன் கடிகாரத்தைப் பார்த்தார். ஆசிரமத்திற்கு விரைந்த பின்னரே செய்தி அறிந்தார்.

சென்ற ஆண்டு இதனைக் கூறி முடித்தபோது ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, அஃது எரிநட்சத்திரந்தானே?" என்றார். அருகிலிருந்த முதியவருக்குச் சினம் பொங்கிற்று. "என் தகப்பனார் கண்ணாரக் கண்டது, தம்பி! பகவானே சோதியாய்ப் போனார்!" என்றார். குரல் தழுதழுத்தது.

மாணவர் கேட்டதிற் குற்றமில்லை. வானிலிருந்து விழும் கல், காற்றிற் புகுந்து எரிவதுண்டு. மிக உயரத்தில் எரிதலால் பல காத தூரத்து ஊர்களிலும் ஒருசேரத் தெரிவதுண்டு. ஆயினும், அது நிகழ்ந்த நிமிடம் அந்த நிமிடமாய் அமைந்ததேன்? அதற்கு நம்மிடம் விடையில்லை.

முதியவரை நோக்கி, "ஐயா, நோய் முற்றிய நாளில் அழுத அன்பரிடம், தாம் எங்கும் போகவில்லை என்றல்லவோ மகரிஷிகள் அருளினார்கள்? போகாதவர் வான்வழியே போனார் என்று நாம் எவ்வாறு சொல்வது?" என்றோம். அவர் பேசவில்லை.

இத்தலத்துக் கதையை நினையுங்கள். அடிமுடியற்ற சோதியின் முடியைக் கண்டதாக அயன் சொன்னான். தாழம்பூ சாட்சி சொல்லிற்று. அயன் பொய் பெரிதுதான். ஆயினும் நமக்கு அச்சந் தருவது தாழம்பூவின் கதையே. காணாததற்குச் சாட்சி சொன்ன பூ, நறுமணமிருந்தும் சிவபூசைக்கு ஆகாதாயிற்று. ஏடு சுமந்து மேடையேறும் எம்போன்றோர்க்கு இது பெரிதும் பொருந்தும்.

"தங்கள் தந்தையார் சொன்ன சொல் யாது?" என்று கேட்டோம்.

முதியவர் நெடுநேரம் எண்ணினார். "வெளிச்சம் வந்தது, மலைக்குப் பின்னாலே போச்சு, கும்பிட்டேன் என்பார். மற்றது நான் சேர்த்துக்கொண்டது" என்றார்.

மாணவர் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "எந்தப் பக்கமாக வந்ததாம், தாத்தா?" என்று கேட்டார்.