தீயில் இடாத நீலம்
(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாற்பது ஆண்டுகளாகக் கல் வணிகத்தில் இருப்பவனை மேடையில் ஏற்றினால் அவன் கல்லைப் பற்றித்தான் பேசுவான் என்பதை விழாக் குழுவினர் அறிந்தே இருப்பர். ஆகவே நீலக்கல்லைப் பற்றிச் சொல்கிறேன். அதிலும் பட்டை தீட்டப்படாத, தீயிலும் இடப்படாத கச்சா நீலத்தைப் பற்றி.

மணிகளின் குணமும் குற்றமும் ஆராய்வது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் மதுரை மணிக்கடைத் தெருவை வருணிக்கும்போது, ஒரு கைதேர்ந்த வணிகரைப் போலவே மணிகளின் குற்றங்களையும் குறிப்பிடுகிறார். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வில் மணிகள் செய்த தொழிற்கூடங்களின் தடயங்கள் கிடைத்துள்ளன. அங்குக் கிடைத்த கல் வகைகளுள் நீலமும் ஒன்று. உலகம் இன்று கொரண்டம் என வழங்கும் பெயரே நம் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து சென்றதாகும். மாணிக்கமும் நீலமும் அந்தக் குருந்தமே. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அப்படிகம் தூய நிலையில் நிறமற்றது. அதில் குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கூடிக் கலந்தால் நீலம்.

இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் வயலுக்கு நடுவே குழி தோண்டி, பக்கச் சுவர் சரியாதபடி மரச்சட்டங்கள் கொடுத்து, மணி பொதிந்த சரளைப் படுகை வரை இறங்குகிறார்கள். அந்தச் சரளைக்குச் சிங்களத்தில் 'இல்லம்' என்று பெயர். நமக்கு இல்லம் என்றால் வீடு. அவர்களுக்கோ நீலம் குடியிருக்கும் இடம்! எடுத்த சரளையை மூங்கில் கூடையிலிட்டுத் தண்ணீரில் சுழற்றி அலசுவார்கள். நீரைப் போல நான்கு மடங்கு எடையுள்ள குருந்தம் கூடையின் அடியில் தங்கிவிடும்.

அப்படிக் கிடைக்கும் கற்களுட் பெரும்பாலானவை உருண்டு தேய்ந்தவை. எப்போதாவது ஒன்று தன் பிறவி வடிவம் குலையாமல் வரும். ஆறு பக்கங்களுடன், நடு பருத்து இரு முனையும் கூம்பி, நூற்கதிர் போல் இருக்கும். அதன் பக்கங்களில் குறுக்குக் கோடுகள் ஓடும். தட்டையான முகம் எஞ்சியிருந்தால் அதில் சிறு முக்கோண வடுக்களைக் காணலாம். இவற்றை எந்தச் சாணையும் இட்டதில்லை. பட்டை தீட்டும்போது கல்லின் எடையில் பாதிக்கு மேல் போய்விடுவது இயல்பு. எடையோடு இந்த அடையாளங்கள் அனைத்தும் போய்விடும். சேகரிப்பாளர் முழுப் படிகத்துக்கு ஏங்குவது இதனால்தான்.

இனித் தீக்கு வருவோம். இலங்கையில் 'கெவுடா' என்று ஒரு வகைக் கல் உண்டு. பால் கலந்தாற்போல் மங்கியிருப்பதால் ஒருகாலத்தில் அதற்கு மதிப்பே இல்லை. 1970-களில் தாய்லாந்து வணிகர்கள் அதை மலிவாக வாங்கிச் சென்று, 1500 பாகை செல்சியசுக்கு மேல் உலையில் சூடேற்றினர். உள்ளே பட்டிழை போல் படர்ந்திருந்த நுண்ணூசிகள் கரைந்தன. அவற்றிலிருந்த டைட்டானியம் கல்லில் கலந்து இரும்போடு சேர்ந்தது. மங்கல் நீங்கி நல்ல நீலம் பிறந்தது. இன்று சந்தைக்கு வரும் நீலத்தில் பெரும்பங்கு உலை கண்டதே. இதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. சொல்லி விற்றால் அது வணிகம். சொல்லாமல் விற்றால்தான் அதற்கு வேறு பெயர்.

என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கடையில் அமர்ந்த புதிது. வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் முந்தானையில் முடிந்துவந்த கல்லொன்றை அவிழ்த்து வைத்தார். இலங்கையில் வணிகம் செய்த கணவர் கொண்டுவந்ததாம். இரு முனையும் முறியாத படிகம். நிறம் மட்டும் வெளிர். "சுட்டால் நிறம் ஏறும் என்கிறார்களே தம்பி, சுடலாமா?" என்று கேட்டார். நான் லென்ஸ் வைத்து ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு, தாராளமாகச் சுடலாம் என்றேன். உலையிலிருந்து கல் மூன்று துண்டாகத் திரும்பியது. படிகத்தின் நடுவே திரவம் அடைபட்ட சிறு குழிவு இருந்திருக்கிறது. சூட்டில் அது வெடித்துவிட்டது. கல்லைத் திருப்பிப் பார்த்திருந்தால் என் கண்ணிலேயே பட்டிருக்கும். துண்டுகள் என்னவோ அழகிய நீலமாகத்தான் இருந்தன! முழுக் கல்லின் விலையை அவரிடம் கொடுத்தேன். பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டவர், "அந்தத் துண்டுகளையும் கொடு தம்பி, அவர் கையில் இருந்த கல் அது" என்று கேட்டு வாங்கி, மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அன்றிலிருந்து, உலைக்கு அனுப்பலாமா என்று கேட்டு வரும் எவருக்கும் நான் மறுநாள்தான் பதில் சொல்வது.

அந்தத் திரவக் குழிவே இன்று எனக்குச் சான்றாகவும் நிற்கிறது. அது வெடிக்காமல் முழுதாக இருந்தால், அந்தக் கல் கடும் தீயைக் காணவில்லை என்று பொருள். பட்டிழைகள் அறுபடாமல் நீண்டிருப்பதும் அவ்வாறே. தீ கண்ட கல்லில் இழைகள் புள்ளி புள்ளியாகச் சிதைந்திருக்கும். உட்படிகங்களைச் சுற்றி வட்ட வடிவில் கீறல் படர்ந்திருக்கும். பெரிய ஆய்வுக்கூடங்கள்கூடச் 'சூடேற்றியதற்கான அறிகுறி இல்லை' என்றே எழுதித் தருகின்றன. 'சூடேற்றப்படவில்லை' என்று எழுதுவதில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பட்டை தீட்டாத கல் என்பதாலேயே அது தீ காணாத கல் ஆகிவிடாது. பட்டை தீட்டுமுன் கச்சா நிலையிலேயே உலையில் இடுவதுதான் வழக்கம். செயற்கை நீலத்தை உடைத்து, உருட்டித் தேய்த்து, சுரங்கத்து வாயிலிலேயே கச்சாக் கற்களோடு கலந்து விற்பவர்களும் உண்டு. நெருப்பு ஊதுகுழலில் செய்த செயற்கைக் கல்லில் நிறக்கோடுகள் வளைந்து செல்லும். மண்ணில் விளைந்ததில் நேர்கோடாக, படிக முகத்தை ஒட்டி, கோணமாக மடங்கிச் செல்லும். 'சுரங்கத்திலேயே வாங்கினேன்' என்று பெருமையாகச் சொல்பவர்களை நான் சற்றுக் கவலையோடுதான் பார்ப்பேன்.

நீலம் என்றாலே சனியின் நினைவு வருபவர்கள் பலர். தலையணைக்கடியில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவோரும் இருக்கிறார்கள். நான் சோதிடன் அல்லன். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தீ காணாத கல்தான் வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துவதால், நாங்களும் பொறுப்போடு சோதிக்கப் பழகினோம்.

காஷ்மீரத்தின் பாடர் பகுதியில் 1881-ஐ ஒட்டி மலைச்சரிவு ஒன்றால் வெளிப்பட்ட நீலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,500 மீட்டர் மேலே, கோடைக்காலச் சில வாரங்கள் மட்டுமே வேலை செய்யக்கூடிய இடம். சில ஆண்டுகளுக்குள் நல்ல கற்கள் தீர்ந்துபோயின. மகமல் போன்ற அதன் மென்மைக்குக் காரணம் உள்ளே பரவிய நுண்துகள்களே. குற்றம் என்று அவற்றைத் தீயில் கரைத்திருந்தால் காஷ்மீர நீலம் என்ற பெயரே நின்றிராது.

நகை செய்வோர் இப்போது கச்சாப் படிகத்தையே பதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வைரத்துக்கு அடுத்த கடினம் உடையதால் நீலம் எளிதில் கீறாது. ஆனால் ஓங்கி அடிபட்டால் சில்லு பெயரும். ஆதலால் மோதிரத்தைவிடப் பதக்கமே ஏற்றது. எடைக்கு அஞ்சிக் கல்லின் வடிவத்தைக் குலைக்காமல் மெருகு மட்டும் இட்டுக் கோத்த பழைய இந்திய வழக்கமே சுற்றித் திரும்பி வந்திருக்கிறது.

மேசைமேல் மூன்று கற்கள் வைத்திருக்கிறேன். ஒன்று தீ காணாதது, ஒன்று உலை கண்டது, ஒன்று செயற்கை. லென்ஸ் ஒன்றுதான் உள்ளது. உணவுக்கூடத்துக்குச் செல்லுமுன், குழந்தைகளை முதலில் விட்டு, வரிசையாக வந்து பாருங்கள். எது எது என்று யாரும் கேட்கும்வரை நான் சொல்லப்போவதில்லை.