ஒரே எண்ணுக்கு இரு கருவிகள் பதில் சொன்னால்...

(நெகிரி செம்பிலான் தோட்டப் பாட்டாளிகளிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



பெரட்டுக்களத்தில் கிராணியார் பெயர் கூப்பிடுவதை நாம் அனைவரும் அறிவோம். ஒரே பெயருடைய இருவர் அங்கு நிற்க, தகப்பனார் பெயரைச் சேர்க்காமல் அவர் கூப்பிட்டால் என்ன நேரும்? இருவரும் ஒரே நேரத்தில் குரல் கொடுப்பர். ஏட்டில் ஓர் ஆள் மட்டுமே பதிவாகும். ஒருவருக்கு இட்ட வேலைக்கு இருவரும் புறப்பட்டுவிடுவர். இருவரும் நல்ல தொழிலாளிகளே. குழப்பம் கூப்பிட்ட பெயரில் இருக்கின்றது. இன்று நாம் பேசப்போகும் மின்னணுக் கருவிகளுக்கும் இதே தொல்லை நேர்வதுண்டு.

பகாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, இளைஞர் ஒருவரும் அவருடைய தங்கையும் செய்திருந்த கருவி ஒன்றைக் கண்டோம். நாற்றங்காலுக்கு நீர் இறைக்கும் பம்பையும், நீர்க்குழாய் வால்வுகளையும் தாமாகவே இயக்கும்படி அதனை அமைத்திருந்தனர். மூளையாக ஒரு மைக்ரோகண்ட்ரோலர். கைகளாக எட்டு ரிலேக்கள் கொண்ட பலகை ஒன்று. தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்ட ஓர் எழுத்துத் திரை. ரிலே என்பது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சு ஆகும்.

ரிலேப் பலகையைத் தனியே இணைத்தால் ஒழுங்காக வேலை செய்தது. திரையும் தனியே ஒழுங்காக எழுதியது. இரண்டையும் ஒன்றாக இணைத்தவுடன், திரையில் எழுத்து மாறும்போதெல்லாம் ரிலேக்கள் ‘டக்டக்’ என்று அடித்துக்கொண்டன. பம்பு நின்று நின்று ஓடியது. ரிலேயை இயக்க முற்பட்டாலோ, திரையின் விளக்கு அணைந்து எரிந்தது. புரியாத குறிகள் தோன்றின. பலகை பழுது என்று எண்ணி, பால் வெட்டும் தாயாரின் சம்பளத்தில் வேறொரு பலகை வாங்கினர். அதுவும் அவ்வாறே செய்தது. “நமக்கு ஏனப்பா இந்த வேலை?” என்று அக்கம்பக்கத்தார் சொல்லத் தொடங்கியிருந்தனர். அந்த இளைஞரும் அதனை நம்பத் தொடங்கியிருந்தார் என்பதுதான் நம்மை வருந்தச் செய்தது.

உண்மையில் அவர்கள் வாங்கிய எந்தப் பொருளும் பழுதாகவில்லை. காரணத்தைச் சற்று விளக்குவோம்.

நெதர்லாந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் 1982 ஆம் ஆண்டில் ‘ஐ2சி’ என்னும் இணைப்பு முறையை உருவாக்கியது. எஸ்.டி.ஏ., எஸ்.சி.எல். என்னும் இரண்டே கம்பிகளில் பல கருவிகளை இணைக்க இம்முறை இடந்தருகின்றது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் உண்டு. மொத்தம் 128 எண்கள். அவற்றுள் 16 தனிப் பயனுக்கென ஒதுக்கப்பட்டவை போக, 112 எண்களே எஞ்சும்.

ரிலேப் பலகைகள் பலவற்றிலும், எழுத்துத் திரையின் பின்புறத் தகட்டிலும் ‘பி.சி.எஃப். 8574’ என்னும் ஒரே வகைச் சில்லு பொருத்தப்படுகின்றது. பதினாறடிமான எண்ணில் 20 முதல் 27 வரை எட்டு முகவரிகளே அதற்கு உண்டு. திரைத் தகடு பெரும்பாலும் 27 ஆம் எண்ணுடன் கடைக்கு வருகின்றது. அந்த இளைஞரின் ரிலேப் பலகையும் 27 இல் அமைந்திருந்தது. எனவே, திரைக்கு அனுப்பிய எழுத்தை ரிலேப் பலகை தனக்கிட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டது.

இதனைக் கண்டறியும் முறை எளிது. முதலில் 230 வோல்ட் மின்சாரத்தைத் துண்டித்து, பம்பின் கம்பிகளை ரிலேயிலிருந்து நீக்கிவிடல் வேண்டும். ரிலே எப்போது அடிக்கும் என்று தெரியாத நிலையில் பம்பின் அருகே கை வைப்பது உயிருக்கே ஆபத்து. அடிக்கடி நின்று ஓடும் மோட்டாரும் சூடேறிக் கெட்டுப்போகும்.

அடுத்து, முகவரி தேடும் சிறு நிரலை மைக்ரோகண்ட்ரோலரில் ஏற்றுக. அது ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டு, பதில் தரும் எண்களை அறிவிக்கும். இரு கருவிகள் ஒரே எண்ணில் இருப்பின் பட்டியலில் ஓர் எண்தான் தோன்றும். திரையைக் கழற்றிவிட்டுத் தேடுக. பின்னர் ரிலேப் பலகையைக் கழற்றித் திரையை மட்டும் வைத்துத் தேடுக. இரு முறையும் அதே எண் வந்தால் முகவரி மோதல் உறுதி. எந்த எண்ணுமே வராவிடில் அது வேறு கோளாறு. கம்பிகள் மாறியிருக்கலாம், அல்லது தரைக் கம்பி பொதுவாக இணைக்கப்படாதிருக்கலாம்.

இனி, தீர்வைக் காண்போம். திரைத் தகட்டில் ஏ0, ஏ1, ஏ2 என்று மூன்று இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். மூன்றும் திறந்திருந்தால் முகவரி 27. ஏ0 ஐ மட்டும் ஈயப்பற்று வைத்து இணைத்தால் 26. ஏ1 ஐ மட்டும் இணைத்தால் 25. ஏ2 ஐ மட்டும் இணைத்தால் 23. சில ரிலேப் பலகைகளில் இதற்கெனச் சிறு சுவிட்சுகளே இருக்கும். சில்லின் பெயர் ‘8574ஏ’ என்று முடிந்தால் அதன் எண்கள் 38 முதல் 3எஃப் வரை என்பதனை நினைவிற் கொள்க. மாற்றிய எண்ணை நிரலிலும் மாற்றுதல் வேண்டும். மறுபடியும் தேடிப் பார்த்தல் வேண்டும். எண்ணை மாற்றவே இயலாத கருவிகள் இரண்டு மோதினால், ‘டி.சி.ஏ. 9548ஏ’ என்னும் சில்லு அவற்றைத் தனித்தனிக் கிளைகளில் பிரித்து வைக்கும். அதற்கு எட்டுக் கிளைகள் உண்டு.

அன்று ஏ0 இல் ஒரு துளி ஈயம் வைத்தோம். பட்டியலில் 26, 27 என இரண்டு எண்கள் தோன்றின. திரை தன் போக்கில் எழுதியது. ரிலேக்கள் கூப்பிட்டபோது மட்டுமே அடித்தன. இரண்டாவதாக வாங்கிய பலகையும் வீணாகவில்லை. அதற்கு 25 ஆம் எண்ணைக் கொடுத்து, மேலும் எட்டு வால்வுகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தங்கையே சொன்னார்.

மேலும் ஒரு குறிப்பு. 5 வோல்ட் ரிலேச் சுருள் ஒன்று ஏறக்குறைய 70 மில்லி ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். எட்டும் சேர்ந்தால் அரை ஆம்பியரைத் தாண்டும். ஆகவே ரிலேக்களுக்குத் தனி மின்வழங்கி அமைப்பது நன்று. பம்பைத் திரும்ப இணைக்கும் பணியை உரிமம் பெற்ற வயர்மேனிடமே ஒப்படைத்திடுக.

பெற்றோர்களே! வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்தை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே பயில்கின்றனர். அவர்கள் செய்த கருவி ஓடாதபோது, “உனக்கு வராது” என்று சொல்லிவிடாதீர்கள். “ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாயா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் காசு செலவில்லை. புதுப் பலகைக்கு உண்டு.