இரண்டாம் தடவை எழுதப் போகிறவர்களுக்கு

(மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் தலித் மாணவ மாணவியரும் பெற்றோரும் காஞ்சிபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"புள்ளைங்க சோர்ந்து போயிருக்குதுங்க, ஊக்கமா நாலு வார்த்தை பேசிட்டுப் போங்க" என்று தோழர் கூப்பிட்டார். நான் டாக்டர் இல்லை. கவிதை எழுதுகிறவன், வயிற்றுப்பாட்டுக்கு வங்கிக் குமாஸ்தா. ஊக்கப் பேச்சும் எனக்கு வராது. பஸ் ஸ்டாண்டு கடையில் வரிசையாகத் தொங்குகிறதே, 'உன்னால் முடியும்' வகைப் புத்தகங்கள், அவற்றின் மேல் எனக்குக் கோபமே உண்டு. உன்னால் முடியும் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டால், முடியாமல் போகிற அன்றைக்குக் குற்றவாளி அந்தப் பிள்ளைதான் என்று ஆகிவிடுகிறது. தேர்வை மாற்றியவன், பணத்துக்கு சீட்டு விற்றவன், வாத்தியார் போடாத அரசு எல்லாரும் தப்பித்துக் கொள்கிறார்கள்.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை நினைத்துப் பாருங்கள். அப்பா மூட்டை தூக்கும் தொழிலாளி. 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176. பழைய முறையில் கட்-ஆப் 196.75. எந்த அரசுக் கல்லூரியிலும் கண்ணை மூடிக்கொண்டு இடம் கிடைத்திருக்கும். அந்த வருஷம்தான் நீட் நம் தலையில் இறங்கியது. படித்தது ஒரு பாடத்திட்டம், கேட்டது இன்னொன்று. உச்சநீதிமன்றம் வரைக்கும் போய் நின்றாள் அந்தப் பெண். ஆகஸ்ட் 22இல் நீட் மதிப்பெண் படிதான் சேர்க்கை என்று ஆனது. செப்டம்பர் 1இல் அவள் நம்மிடம் இல்லை. ஊக்கம் இல்லாத பெண்ணா அவள்? 1176 வாங்கினவளுக்கு எந்தப் புத்தகம் ஊக்கம் சொல்லித் தர முடியும்? அவள் படத்தை மாட்டி மாலை போடுகிறோம். சரி. ஆனால் அவள் உயிரோடு இருந்து இரண்டாம் தடவை எழுதி, இன்றைக்கு இந்த மேடையில் எனக்குப் பதில் பேசியிருக்க வேண்டும். நான் விரும்புவது அதைத்தான். இங்கே யாருக்காவது ராத்திரியில் மனசு அந்தப் பக்கம் போனால் 104க்கோ 14416க்கோ போன் போடுங்கள். தமிழில் பேசுவார்கள். அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

இரண்டாம் தடவை எழுதுவது அவமானம் என்று நினைக்கிறீர்கள். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அரசிடம் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுபடி எழுதிச் சேர்ந்தவர்கள் 2016-17இல் நூற்றுக்கு 12 பேர் சொச்சம். 2020-21இல் 71 பேர். அதாவது இன்றைக்கு டாக்டர் சீட்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு வருஷமாவது வீட்டில் உட்கார்ந்து படித்தவர்கள்தான். அவர்கள் வீட்டில் அதுக்குப் பேர் 'லாங் டேர்ம் கோச்சிங்'. நம்ம தெருவில் அதுக்குப் பேர் 'ஃபெயிலாயிட்டு சும்மா கெடக்குது'. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஒரு வருஷத்தை யார் வாங்கித் தருவது என்பதுதான் கேள்வி.

இந்த ஊரில் வருஷம் என்பது எப்போதுமே விலைக்குப் போன சரக்கு. காஞ்சிப் பட்டுக்குப் பேர் வாங்கித் தந்தது கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டையும் நூலுக்கு நூல் கோர்க்க மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் இருப்பவர் ஒருத்தரால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ரொம்ப காலத்துக்கு எட்டு வயசு, பத்து வயசுப் பிள்ளையாக இருந்தது. பெற்றவர்கள் முன்பணம் வாங்கியிருப்பார்கள், அது தீரும் வரைக்கும் பிள்ளை தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. உலக மனித உரிமை அமைப்பு ஒன்று 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகள் பற்றி அறிக்கை போட்டபோது காஞ்சிபுரம் அதில் இருந்தது. கோயிலுக்கு வருகிறவர்களும் சேலைக்கு வருகிறவர்களும் பார்த்த ஊர் வேறு.

எனக்குத் தெரிந்த ஒருத்தர் அப்படிக் கரை தள்ளிய பையன். நாலாவதோடு பள்ளிக்கூடம் போச்சு. இப்போது கூலித் தறி நெய்கிறார். அவர் மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. முதல் தடவை நீட்டில் கிடைக்கவில்லை. கோச்சிங் கட்டணத்துக்கு அந்த மனுசன் யாரிடம் போனார் தெரியுமா? தறி முதலாளியிடம். மறுபடியும் முன்பணம். "ஏண்ணே, நீங்களே இதுல மாட்டிக்கிட்டவர்தானே" என்று கேட்டேன். "அது எங்கப்பன் வாங்கினது தம்பி, என்னைக் கேக்கல. இது நான் வாங்கறது" என்றார். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை டாக்டர் ஆக ஒரு மனுசன் தன்னை அடகு வைக்க வேண்டியிருக்கிற நாட்டை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த வருஷம் அவளை வாட்டியது பௌதிகம் இல்லை. "இன்னுமா படிக்கிற?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்கிற குரல்தான். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் மூன்று பேரும் சேர்ந்து நூலகம், மூடும்போது சேர்ந்து வீடு. ஒருத்தி வராவிட்டால் மற்ற இரண்டு பேரும் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். திட்ட மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். சும்மா நிற்பார்கள். எத்தனை நேரம்தான் பாயில் படுத்திருக்க முடியும்? கிளம்பி வந்துவிடுவாள். ஊக்கம் ஊக்கம் என்கிறார்களே, அது எனக்குத் தெரிந்து அந்த வாசலில்தான் நின்றது.

இரண்டாம் தடவை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டில் இடம் கிடைத்தது. 2020இல் சட்டமாகி வந்த ஒதுக்கீடு. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசு கட்டுகிறது. 'சும்மா கிடைச்ச சீட்டு' என்று என் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னார். தகுதி பற்றி ரொம்பக் கவலைப்படுகிறவர். 2023 செப்டம்பரில் மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்தபோது நீட் தகுதியைப் பூஜ்ய பெர்சென்டைலுக்கு இறக்கினார்களே, அன்றைக்கு அவருக்குத் தகுதி ஞாபகம் வரவில்லை. போகட்டும்.

சீட்டு கிடைத்ததும் முடிந்ததா? நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி, மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று. முதல் வருஷம் அனாடமியில் அந்தப் பெண் ஃபெயில். தமிழில் படித்தவளுக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் தாண்ட ஒரு ராத்திரி ஆகிறது. "அப்பா, நான் வந்துடறேன்" என்று போன். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அனாடமி என்றால் என்னவென்றே தெரியாது. மறுநாள் முதல் பஸ்ஸில் போய் விடுதி வாசலில் நின்றிருக்கிறார். "சாப்ட்டியா" என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஒரு நாள் கூலி போச்சு. அதுக்கு அப்புறம் ஒரு சீனியர், அவளும் அரசுப் பள்ளியில் படித்தவள், தன்னுடைய எலும்பு செட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொரு எலும்பாகக் கையில் கொடுத்து, "மொதல்ல தமிழ்ல சொல்லு, அப்புறம் இங்கிலீஷ்ல எழுது" என்று உட்கார வைத்தாள். துணைத் தேர்வில் பாஸ்.

எல்லா விடுதியிலும் இப்படி ஒரு சீனியர் இருப்பதில்லை. தில்லி எய்ம்ஸில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் படும் பாட்டை விசாரிக்க தோரட் குழு போட்டார்கள். விடுதியில் ஒதுக்குவதையும் வாய்மொழித் தேர்வில் பாகுபாடு நடப்பதையும் அது 2007இல் பதிவு செய்தது. மும்பையில் டாக்டர் பாயல் தாட்வி, ஆதிவாசிப் பெண், மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு மாணவி. சீனியர்களின் சாதித் தொல்லை என்று குடும்பம் புகார் சொன்னது. 2019 மே 22இல் இறந்துபோனார். அவருடைய அம்மா அபேதாவும் ரோகித் வெமுலாவின் அம்மா ராதிகாவும் சேர்ந்து அதே வருஷம் உச்சநீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், உயர்கல்வி நிலையங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வழி செய்யச் சொல்லி. பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு அம்மாக்கள், அடுத்தவர் பிள்ளைகளுக்காக. ஆகவே உங்களுக்குள்ளே போனால் சோர்வு உங்கள் பலவீனம் என்று நினைக்காதீர்கள். சில சமயம் அது யாரோ உங்கள் மேல் தினமும் கொட்டுகிற குப்பை. தேதி போட்டு எழுதி வையுங்கள். புகார் கொடுக்க அது உதவும்.

'உங்க ஆளுங்களுக்கு எதுக்கு டாக்டர் வேலை' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் தொழிலால் சித்த வைத்தியர். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக்கு அவர் பேர்தான் வைத்திருக்கிறது.

பாபாசாகேபும் ஒரே மூச்சில் படித்து முடித்தவர் இல்லை. பரோடா உதவித்தொகை தீர்ந்து 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அவருடைய புத்தக மூட்டை ஏறிய கப்பல் போரில் மூழ்கியது. சம்பாதித்து, கடன் வாங்கி, 1920இல் மறுபடி போனார். டி.எஸ்சி. பட்டம் 1923இல். இங்கே கவனிக்க வேண்டியது அதுக்கு அப்புறம் செய்த காரியம். 1924இல் சபை ஆரம்பித்தவர், 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். தங்க இடம், சோறு, கூடப் படிக்க ஆள். படிக்கிற பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று பட்டவருக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக என் பிழைப்பு சம்பந்தமாக ஒன்று. கல்விக் கடன் கேட்டு வருகிற நம் ஆட்களை 'ஜாமீன் இருக்கா, பத்திரம் இருக்கா' என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதை நான் கவுண்டருக்கு உள்ளேயிருந்தே பார்த்திருக்கிறேன். வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் தேவையில்லை. தவணை ஆரம்பிப்பது படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்து. இல்லை என்று வாயால் சொன்னால் கிளம்பி வந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து, 'எழுதிக் கொடுங்க சார்' என்று நில்லுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேருக்குக் குரல் இறங்கிவிடும். பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் சனி ஞாயிறில் என் வீட்டுக்கு வரலாம்.

அந்தப் பெண் தன் முதல் வருஷப் புத்தகங்களையும், சீனியரிடமிருந்து வந்த எலும்பு செட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்த வருஷம் இடம் கிடைக்கிற முதல் ஆளுக்கு. இப்போதைக்கு என் வீட்டுப் பரண் மேல் இருக்கிறது, என் அம்மா அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறார். சீக்கிரம் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து படிக்க விருப்பம் உள்ளவர்கள், எந்தத் தெரு, எந்த ஊர் என்று எழுதி, வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிற தங்கையிடம் கொடுத்துவிட்டு டீ குடியுங்கள்.