வழியில் ஓய்ந்த குளிர்சாதனம்

மே மாதத்தில் நாகபுரியின் வெயில் 45 டிகிரியைத் தொடுவதுண்டு. படுக்கையும் அடுப்பும் அமைந்த பேருந்தொன்றில், கைக்குழந்தையுடன் டில்லியிலிருந்து ஊர் திரும்பிய எங்களுக்கு, குளிர்சாதனம் அங்கேதான் ஓய்ந்தது. சாலையோரப் பட்டறைக்காரர் பார்த்த மாத்திரத்தில், "காஸ் தீர்ந்துவிட்டது; நிரப்பினால் போதும்" என்றார்.

நாங்கள் இசையவில்லை. நேயர்களே, குளிரூட்டும் வாயு டீசலைப்போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. அது குறைந்ததாயின் எங்கோ கசிகின்றது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் ஐதராபாத் சேருமுன் மீண்டும் புழுக்கந்தான்.

நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்தி, இணைப்புகள்தோறும் சோப்பு நுரை தடவச் சொன்னோம். கூரைமேல், வண்டியின் அதிர்வால் தளர்ந்த மூட்டொன்றில் குமிழிகள் எழுந்தன. மாற்ற வேண்டியிருந்தது ஒரு சிறு ரப்பர் வளையமே! ஆனால் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்ச முக்கால் மணி நேரம் பிடித்தது. வெயிலுக்கு அஞ்சி இதைத் தவிர்ப்போர் பலர். தங்கிவிடும் ஈரமோ உள்ளே உறைந்து வாயுவின் நுண்வழியை அடைத்துவிடும்.

பின்னர், வண்டித் தகட்டில் குறித்திருந்த 134ஏ வாயுவையே, கைமதிப்பாக அன்றி, எடைபோட்டு நிரப்பினார். வேப்பமர நிழலில் குழந்தை அதற்குள் உறங்கிவிட்டது.